சட்டம் சொல்வதும் விலை சொல்வதும்

குளிர்காலத்தில் வீட்டை எதைக் கொண்டு சூடேற்றுவது என்ற கேள்வி, ஜெர்மனியில் ஓர் அரசின் செல்வாக்கையே உலுக்கியது. எரிவாயுக் கொதிகலனா, மின்சாரத்தில் இயங்கும் வெப்பப் பம்பா என்பதே அந்தக் கேள்வி. அதற்கான விடையைச் சட்டத்தால் எழுத முயன்ற அனுபவம், பொருளாதாரம் பயில்வோர் அனைவரும் கவனிக்கத்தக்கது.

ஜெர்மானிய வீடுகளில் ஏறத்தாழ பாதி, எரிவாயுவால் சூடேற்றப்படுபவை. 2022-இல் உக்ரைன் போர் மூண்டு, ரஷிய எரிவாயு நின்றுபோனபோதுதான் அந்தச் சார்பின் ஆபத்து மக்களுக்கு உறைத்தது. இதையடுத்து, புதிதாகப் பொருத்தப்படும் சூடேற்றும் சாதனங்கள் குறைந்தது 65 சதவீதம் புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் இயங்க வேண்டும் என்ற சட்டத்தை அன்றைய பொருளாதாரத் துறை அமைச்சர் ராபர்ட் ஹாபெக் கொண்டுவந்தார். கடும் எதிர்ப்புக்கிடையே 2023 செப்டம்பரில் நிறைவேறிய அச்சட்டம், பல தளர்வுகளுடன் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

வெப்பப் பம்பு விந்தையான கருவியன்று. நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி, உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. வெப்பப் பம்பு வெளிக்காற்றிலோ நிலத்திலோ உள்ள வெப்பத்தைத் திரட்டி வீட்டுக்குள் சேர்க்கிறது. எரிபொருளை எரித்து வெப்பத்தை உண்டாக்காமல், இருக்கும் வெப்பத்தை இடம் மாற்றுவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று முதல் நான்கு யூனிட் வெப்பம் கிடைக்கிறது. கடுங்குளிரில் இது பயன்படாது என்பாரும் உண்டு. ஜெர்மனியைவிடக் குளிர் மிகுந்த நார்வேயில், பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இதைப் பயன்படுத்துவதே அவர்களுக்கான மறுமொழி.

அப்படியானால் ஜெர்மானியர் ஏன் தயங்கினர்? ஓர் எளிய கணக்கு இதை விளக்கும். ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 18,000 யூனிட் வெப்பம் தேவை எனக் கொள்வோம். 90 சதவீதத் திறனுள்ள கொதிகலன் 20,000 யூனிட் எரிவாயுவைக் குடிக்கும். யூனிட்டுக்கு 12 சென்ட் என்றால் செலவு 2,400 யூரோ. மூன்று மடங்கு வெப்பம் தரும் பம்புக்கு 6,000 யூனிட் மின்சாரம் போதும். ஆனால், மின்சாரம் 40 சென்டுக்கு விற்கும்போது அதற்கும் அதே 2,400 யூரோதான். மின்கட்டணம் 30 சென்டாகக் குறைந்தால் செலவு 1,800 யூரோவாகிவிடும். ஆக, கருவியின் திறமை முழுவதையும் மின்கட்டணம் விழுங்கிவிடுகிறது.

பம்பைப் பொருத்தும் செலவோ கொதிகலனைப்போல இருமடங்குக்கும் மேல். அதைச் சரிக்கட்ட, வருவாய் குறைந்த வீட்டு உரிமையாளர்களுக்கு 70 சதவீதம் வரை மானியம் அறிவிக்கப்பட்டது. இருந்தும் 2023-இல் ஏறத்தாழ 3,56,000 ஆக இருந்த வெப்பப் பம்பு விற்பனை, சட்டம் நடைமுறைக்கு வந்த 2024-இல் 1,93,000 ஆகச் சரிந்தது. சட்டம் ஒரு திசையைக் காட்டியது. மின்கட்டணச் சீட்டு வேறொரு திசையைக் காட்டியது. மக்கள் சீட்டை நம்பினர்.

2025-இல் பொறுப்பேற்ற ஃப்ரீட்ரிக் மெர்ஸ் தலைமையிலான கூட்டணி, அச்சட்டத்தை நீக்கப்போவதாகத் தன் உடன்பாட்டிலேயே எழுதியது. மின்சார வரியை அனைவருக்கும் குறைப்பதாகவும் அதே உடன்பாடு வாக்களித்தது. ஆனால், அந்த ஆண்டு ஜூலையில் வரிச்சலுகை ஆலைகளுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே உறுதி செய்யப்பட்டது. நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி வீடுகள் விடுபட்டன. உண்மையில் முதலில் செய்திருக்க வேண்டிய சீர்திருத்தம் அதுவே.

கட்டாயம் நீங்கிவிட்டால் எரிவாயுக் கொதிகலன் வாங்குவது பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது. இன்று வாங்கும் கொதிகலன் ஏறத்தாழ 20 ஆண்டுகள் உழைக்கும். அதற்குள் கரியமில வாயு மீதான கட்டணம் எங்கே நிற்கும்? 2021-இல் டன்னுக்கு 25 யூரோவாக இருந்த அது, 2025-இல் 55 யூரோவாகிவிட்டது. மான்ஹைம் நகரின் எரிசக்தி நிறுவனம், தன் எரிவாயுக் குழாய்த் தொடரை 2035-க்குள் நிறுத்தத் திட்டமிட்டிருப்பதாக அறிவித்துள்ளது. வசதி படைத்தோர் ஒவ்வொருவராக வெளியேற, குழாய்களைப் பராமரிக்கும் நிலையான செலவு எஞ்சியிருப்போரின் தலையில் விழும்.

எஞ்சியிருப்போர் யார்? பழைய வீட்டில் தனித்து வாழும் முதியோர், கடன் வாங்கும் தகுதியற்றோர், வாடகைக்குக் குடியிருப்போர். ஜெர்மானியரில் பாதிக்கும் மேற்பட்டோர் வாடகை வீடுகளில்தான் வாழ்கின்றனர். கருவியைத் தேர்ந்தெடுப்பவர் வீட்டு உரிமையாளர்; மாதந்தோறும் கட்டணம் செலுத்துபவர் குடியிருப்பவர். கரியமிலக் கட்டணத்தை இருவருக்கும் பகிர்ந்தளிக்கும் சட்டம் 2023 முதல் இருந்தாலும், எரிவாயுவின் விலையும் குழாய்க் கட்டணமும் குடியிருப்பவரின் சுமையாகவே தொடர்கின்றன.

எனவே, மின்சாரத்தின் மீதான வரிச்சுமையைக் குறைப்பதும், கரியமிலக் கட்டண வருவாயை எளிய குடும்பங்களுக்கே திருப்பித் தருவதும், குழாய்கள் எப்போது மூடப்படும் என்பதை ஒவ்வொரு நகரமும் முன்கூட்டியே அறிவிப்பதும் இன்றியமையாதவை. இவை நிகழ்ந்தால், எந்தக் கருவியை வாங்குவது என்று அரசு கட்டளையிடத் தேவையிராது; குடும்பங்களே கணக்குப் போட்டு முடிவெடுக்கும். இவை நிகழாவிட்டால், எந்தச் சட்டம் வந்தாலும் போனாலும், குளிரின் விலையைக் கொடுக்கப்போவது கொடுக்க இயலாதவர்களே.