இலவசமாம், இலவசம்! நஷ்டம் யார் தலையில்?

கார் கம்பெனிகள் அவ்வப்போது ஓர் அறிக்கை விடுகின்றன. “இன்ன தேதிக்குள் செய்த வண்டிகளில் குறை இருக்கலாம். கொண்டு வாருங்கள், இலவசமாகச் சரி செய்து தருகிறோம்!” இதற்கு ‘ரீகால்’ என்று பெயர். முதலாளிகளின் பத்திரிகைகள் இதை ஏதோ தயாள குணம் போல வர்ணிக்கின்றன.

“காருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?” என்று ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் கேட்கலாம். சம்பந்தம் உண்டு, தோழர்களே! வண்டியைச் செய்வது நம் கை. எண்ணூரில் அதைக் கப்பலேற்றுவது நம் கை. கடன் வாங்கி டாக்ஸி ஓட்டுகிறவன் நம் வீட்டுப் பிள்ளை.

2019 டிசம்பரில் மாருதி கம்பெனி 63,493 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. சியாஸ், எர்டிகா, எக்ஸ்எல்6 என்ற ‘ஸ்மார்ட் ஹைப்ரிட்’ பெட்ரோல் வண்டிகள். இஞ்சினுக்குத் துணை செய்யும் மோட்டார் ஜெனரேட்டரில் குறை இருக்கலாம் என்று சந்தேகம். பெட்ரோல் மிச்சமாகும் என்று எந்த உறுப்பைக் காட்டி விற்றார்களோ, அந்த உறுப்பே சந்தேகத்துக்கு ஆளாயிற்று! 2021 செப்டம்பரில் மறுபடியும் 1,81,754 பெட்ரோல் வண்டிகளை அழைத்தார்கள். காரணம்? அதே மோட்டார் ஜெனரேட்டர்தான்!

உறுப்பு இலவசம், சரி. வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாளில் டிரைவரின் கூலி என்னாவது? அன்றைக்கும் ஏறும் வட்டியை யார் கட்டுவது? மாதத் தவணை நிற்குமா? வாரண்டி முடிந்த பின் பாட்டரியும் மோட்டாரும் பழுதானால் யார் பையிலிருந்து பணம் போகும்? ஹைப்ரிட் வண்டியின் உண்மை விலை இதையெல்லாம் சேர்த்துத்தான். ஷோரூம் சீட்டு அதைச் சொல்லாது.

நம் பேட்டைக்கே வருவோம். திருவொற்றியூரில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்து வளர்த்த ராயல் என்ஃபீல்டு, 2021 மே மாதத்தில் 2,36,966 மோட்டார் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது. இக்னிஷன் காயிலில் கோளாறு. வெளியிலிருந்து வாங்கிய சரக்கில்தான் குறை என்று கம்பெனியே சொன்னது. எந்தச் சரக்கை யாரிடம் வாங்குவது என்று தொழிலாளியைக் கேட்டா முடிவு செய்கிறார்கள்? ஆனால் ‘தரம் கெட்டது’ என்றால் முதலில் மெமோ வாங்குகிறவன் மட்டும் தொழிலாளி!

சர்க்கார் என்ன செய்கிறது? 2021 ஏப்ரல் 1 முதல் ஒரு விதி இருக்கிறது. சர்க்கார் உத்தரவு போட்டு வண்டிகளை அழைக்க வைத்தால் ரூ.10 லட்சம் முதல் ரூ.1 கோடி வரை அபராதம். கணக்குப் போடுங்கள்: ஒரு லட்சம் கார்களுக்கு ஒரு கோடி என்றால், காருக்கு நூறு ரூபாய்! சிக்னலில் மாட்டிக்கொண்ட ஆட்டோக்காரர் கட்டும் அபராதம் இதைவிட அதிகம். அதுவும் ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். பழைய வண்டியை வாங்கிப் பிழைப்பவன் உயிர் உயிரில்லையா?

நாம் கேட்பது இதுதான்:

ரீகாலுக்காக வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் டிரைவருக்குக் கம்பெனி நஷ்டஈடு தர வேண்டும். ஏழு வருஷ வரம்பு ஒழிய வேண்டும். அபராதம் கம்பெனியின் லாபத்துக்குத் தக்கபடி இருக்க வேண்டும். குறையைக் கண்டு லைனை நிறுத்தும் தொழிலாளியைப் பழிவாங்கக் கூடாது.

குறையை முதலில் காண்பது தொழிலாளியின் கண். அந்தக் கண்ணுக்கு அதிகாரம் கொடு! அதன்பின் ரீகாலுக்கு வேலை குறையும். ரோட்டில் உயிர்கள் பிழைக்கும்.