சர்க்கார் யாருக்குச் சிறுக்க வேண்டும்?

அமெரிக்க ஐக்கிய நாட்டில் குடியரசுக் கட்சி என்று ஒரு கட்சி இருக்கின்றது. பழமையைப் பாதுகாப்பவர்கள் என்று தங்களைச் சொல்லிக் கொள்ளுகின்றவர்களில் பெரும்பாலோர் அதில்தான் இருக்கின்றார்கள். சர்க்கார் சிறியதாக இருக்க வேண்டும், வரி குறைய வேண்டும், கடன் கூடாது, மனிதனுடைய சொந்தக் காரியத்தில் சர்க்கார் தலையிடக் கூடாது என்பவை இவர்கள் மேடைதோறும் பேசி வரும் கொள்கைகளாகும்.

இக்கொள்கை கெட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. ஜனங்கள் பணத்தில் நடக்கும் சர்க்கார் சிக்கனமாய் நடக்க வேண்டும் என்பதில் யாருக்கு ஆட்சேபணை இருக்க முடியும்? ஆனால் ஒருவனுடைய கொள்கையை அவன் வாயைப் பார்த்து அறிய முடியாது. பெட்டிச் சாவி கைக்கு வந்த பிறகு அவன் என்ன செய்தான் என்பதைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். ஆகவே சாவி இவர்கள் கையிலிருந்த காலத்தைப் பார்ப்போம்.

ரீகன் 1981 ஜனவரி 20-ந் தேதி பதவி ஏற்றபோதே, நமது கஷ்டத்திற்குப் பரிகாரம் சர்க்காரல்ல, சர்க்காரேதான் கஷ்டம் என்னும் கருத்துப்படப் பேசினார். கல்வி இலாகாவையும் எரிசக்தி இலாகாவையும் எடுத்து விடுவதாகச் சொல்லி ஓட்டும் வாங்கினார். 8 வருஷத்தில் நடந்ததென்ன? இரண்டு இலாகாக்களும் இருந்தபடியே இருந்தன. போதாக்குறைக்கு, பழைய சிப்பாய்களுக்கென்று புதிதாய் ஒரு மந்திரி இலாகாவை உண்டாக்கும் சட்டத்தில் 1988-ல் அவரே கையெழுத்துப் போட்டார். அவர் வந்தபோது 1 லட்சம் கோடி டாலருக்குச் சற்றுக் குறைவாயிருந்த சர்க்கார் கடன், அவர் போகும்போது 2½ லட்சம் கோடிக்கு மேலாகி விட்டது.

“பிரதிநிதி சபை எதிர்க்கட்சியார் கையிலல்லவா இருந்தது? அவர் என்ன செய்வார்?” என்று சமாதானம் சொல்லுகின்றார்கள். வாஸ்தவம்தான். ஆனால் 2003 முதல் 2006 வரை ஜனாதிபதி புஷ்ஷும் இவர்களைச் சேர்ந்தவர். இரண்டு சபைகளும் இவர்களுடையவை. அப்போதாவது சிக்கனம் வந்ததா? ஒருபுறம் வரியைக் குறைத்துக் கொண்டே மறுபுறம் ஈராக் யுத்தத்தைக் கடன் வாங்கி நடத்தினார்கள். சொந்தக் காரியத்தில் தலையிடாத யோக்கியதையும் 2005 மார்ச்சில் வெளியாயிற்று. பல வருஷமாய் உணர்வின்றிக் கிடந்த ஒரு பெண்ணின் வைத்திய விஷயமாய்ப் புளோரிடா மாகாணக் கோர்ட்டுகள் தீர்ப்புச் சொல்லியிருந்தும், அந்த ஒரு குடும்பத்துக்காக ஞாயிற்றுக்கிழமை சபையைக் கூட்டி, நடுநிசிக்குப் பிறகு ஜனாதிபதியிடம் கையெழுத்து வாங்கிச் சட்டம் செய்தார்கள். ஒருவன் வீட்டு நோயாளியின் படுக்கை வரைக்கும் போகின்ற சர்க்கார் சிறிய சர்க்காரா?

இன்னொன்று கேளுங்கள். அந்நாட்டில் சர்க்கார் இவ்வளவுக்கு மேல் கடன் வாங்கக் கூடாது என்று சட்டத்தில் ஓர் அளவு உண்டு. 2011-ல் ஜனாதிபதி ஒபாமா எதிர்க்கட்சிக்காரர். அந்த அளவை உயர்த்த வேண்டுமானால் செலவை வெட்டியாக வேண்டுமென்று இவர்கள் பிடிவாதம் பிடித்து, சர்க்கார் வாங்கிய கடனைக் கொடுக்க முடியாமல் போகுமோ என்று உலகம் பயப்படும்படி செய்தார்கள். 2025-ல் ஜனாதிபதி டிரம்ப் இவர்களுடைய ஆள். ஜூலை 4-ந் தேதி கையெழுத்தான ஒரே சட்டத்தில் அந்த அளவை 5 லட்சம் கோடி டாலர் உயர்த்தி விட்டார்கள். மருமகள் உடைத்தால் பொன்சட்டி, மாமியார் உடைத்தால் மண்சட்டி என்பது இதுதான்.

அந்தச் சட்டத்தினால் பத்து வருஷத்தில் சுமார் 3.4 லட்சம் கோடி டாலர் பற்றாக்குறை கூடும் என்று அவர்களுடைய காங்கிரஸ் சபையின் கணக்கு இலாகாவே சொல்லிற்று. ஏழைகளுக்கான வைத்திய உதவி வெட்டப்படுவது முதலிய காரணங்களால் 2034-க்குள் சுமார் 1 கோடி ஜனங்கள் வைத்திய இன்சூரன்ஸ் இல்லாதவர்களாகி விடுவார்கள் என்றும் அதே இலாகா கணக்கிட்டது. கடனும் பெருகுகின்றது, ஏழையின் மருந்தும் போகின்றது என்றால் இதற்குச் சிக்கனம் என்றா பெயர்? அதே 2025 ஆகஸ்டில் இன்டெல் கம்பெனியில் சுமார் பத்தில் ஒரு பங்கை அதே சர்க்கார் எடுத்துக் கொண்டது. இதை எதிர்க்கட்சியார் செய்திருந்தால் “ஐயோ, சமதர்மம் வந்து விட்டது!” என்று இவர்கள் கூச்சல் போட்டிருக்க மாட்டார்களா?

இக்கட்சியில் யோக்கியர்களே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 1923 முதல் 1929 வரை ஜனாதிபதியாயிருந்த கூலிட்ஜ் இக்கட்சிக்காரர்தான். அவர் சுமார் 2,200 கோடி டாலராயிருந்த கடனைச் சுமார் 1,700 கோடிக்குக் குறைத்தார். ஆகவே செய்ய மனமிருந்தால் செய்யக் கூடியதுதான். 2025-லும் கென்டக்கி மெம்பர் தாமஸ் மாஸி, கடன் பெருகுகின்றதே என்று சொல்லித் தன் கட்சியின் சட்டத்தை எதிர்த்தார். கொள்கையைக் காப்பாற்றிய அவருக்குக் கட்சித் தலைவர் கொடுத்த மரியாதை என்ன? அவரைத் தேர்தலில் தோற்கடிக்க வேண்டும் என்று ஜனாதிபதியே பகிரங்கமாய்ச் சொன்னார்.

எதிர்க்கட்சியார் மட்டும் கடன் வாங்கவில்லையா என்று கேட்கலாம். தாராளமாய் வாங்கினார்கள், அதற்காக அவர்களையும் கேட்க வேண்டியதுதான். ஆனால் கள்ளுக்கடையில் குடிக்கிறவன் வேறு, மதுவிலக்குப் பிரசங்கம் செய்துவிட்டுக் கொல்லையில் குடிக்கிறவன் வேறு அல்லவா?

தோழர்களே! எந்த நாட்டிலானாலும் ஒருவன் வந்து சர்க்காரைச் சிறுக்கச் செய்கிறேன் என்று சொன்னால் உடனே கைதட்டி விடாதீர்கள். “யார் வீட்டுப் பங்கைக் குறைப்பாய்? உன் சிநேகிதர் பங்கையும் சேர்த்துக் குறைப்பாயா? சாவி உன் கையிலிருக்கும்போது குறைப்பாயா, அடுத்தவன் கையிலிருக்கும்போது மட்டும்தானா?” என்று கேளுங்கள். அதற்குக் கணக்கோடு பதில் சொல்லுகிறவனுக்கு ஓட்டுக் கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். மற்றவனுடைய பேச்சு ஊருக்கு மாத்திரம் செய்யும் உபதேசமேயாகும்.