சார் ஒப்புக்கொள்ள மாட்டார்



டெக்சாஸில் இருக்கும் என் மாணவன் ஒருவன், "சார், அமெரிக்கன் ஃபுட்பாலில் இந்த யூஎஃப்எல் நிலைத்துவிடும், பாருங்கள்" என்று எழுதியிருந்தான். வகுப்பிலும் இப்படித்தான், கணக்கைப் போடாமலே விடை சொல்வான். (இது நம் கால்பந்து இல்லை, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்.)

நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் தம்பி. 1974இல் தொடங்கிய டபிள்யூஎஃப்எல் மறுவருடமே மூடியது. யூஎஸ்எஃப்எல் 1983 முதல் மூன்று பருவம் ஆடியது. பெரிய லீக்கான என்எஃப்எல்மீது வழக்குப் போட்டு 1986இல் ஜெயித்தும், ஜூரி கொடுத்த நஷ்டஈடு ஒரே ஒரு டாலர்! சட்டப்படி மும்மடங்காக்கி மூன்று டாலர். 2019இல் ஏஏஎஃப் எட்டு வாரத்தில் நின்றது. ஆடிக்கொண்டிருந்த பையன்களுக்குப் பருவம் முடியுமுன்பே வேலை போயிற்று. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ரசிகர்களுக்கா பஞ்சம்? மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் சனிக்கிழமை லட்சம் பேர் உட்காருகிறார்கள். சிக்கலே அங்கேதான். கல்லூரிகளே ஆட்டக்காரர்களைத் தயார்செய்து கொடுத்துவிடுகின்றன, என்எஃப்எல்லுக்குச் செலவில்லை. பேஸ்பாலில் சின்ன அணி வீரர்களுக்குப் பெரிய அணியே சம்பளம் தருகிறது. இங்கே யார் தருவார்?

செயின்ட் லூயிஸில் கூட்டம் வருகிறதே என்பாய். 2016இல் ராம்ஸ் அணி ஊரைவிட்டுப் போன ஆதங்கம் அது. எல்லா ஊருக்கும் அது உண்டா?

என்எஃப்எல்லே நடத்திய ஐரோப்பிய லீக், கர்ட் வார்னர் ஆடிய லீக், அதையே 2007இல் மூடிவிட்டார்கள்.

விடை மட்டும் போதாது தம்பி, வழியையும் எழுதி அனுப்பு.