மாம்பழ பீருக்கு ஓகே... மரத்துக் கள்ளுக்கு கேஸா?

செம்பட்டி:
பீர் என்றால் நம்ம ஊர் 'குடிமகன்'களுக்குத் தெரிந்தது ரெண்டே வகைதான். ஒன்று கூலிங் உள்ளது, இன்னொன்று கூலிங் இல்லாதது. மதியம் 12 மணிக்கு டாஸ்மாக் ஷட்டர் ஏறியதும் போய் நின்றால், "கூலிங் இன்னும் ஆகலைப்பா" என்பதுதான் முதல் பதில். பிராண்டு கேட்பதெல்லாம் அதற்கு அப்புறம். இருப்பதைக் கொடுப்பார்கள், வாங்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

ஆனால் வெளியே பீரை வைத்து நடக்கிற பஞ்சாயத்தே வேற! மாம்பழ லஸ்ஸி பீர் வந்தாச்சு. புளிப்பு பீர் வந்தாச்சு. சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்ணிக் காய்ச்சிய பீர் கூட பாட்டிலில் வந்தாச்சு. "இது பீரா, இல்ல ஜூஸா?" என்று ஒரு கோஷ்டி. "நாக்குக்குப் புதுசா ஒண்ணு வந்தா என்ன குறைஞ்சு போச்சு?" என்று எதிர்க் கோஷ்டி. 

இதில் செம்பட்டிக்காரனுக்கு என்ன வேலை என்கிறீர்களா? இருக்கிறது. முதலில் அந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு வருவோம்.

கழிவுநீர் பீர்

சிங்கப்பூரில் வேலை பார்க்கிற ஆட்கள் நம்ம பக்கம் நிறைய வீடுகளில் உண்டு. அவர்களைக் கேட்டால் 'நியூவாட்டர்' பற்றிச் சொல்வார்கள். குடிதண்ணிக்கு மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தையே நம்பி இருக்க முடியாது என்று, வீட்டுக் கழிவுநீரைப் பல கட்டமாகச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தும் வேலையை 2003-ல் ஆரம்பித்தது சிங்கப்பூர். அந்தத் தண்ணியை எடுத்து 'பிரூவர்க்ஸ்' என்ற சிறு பீர் கம்பெனி காய்ச்சியதுதான் 'நியூபிரூ' பீர். 2018-ல் ஒரு தண்ணீர் மாநாட்டில் காட்டினார்கள். 2022 ஏப்ரலில் கடைக்கே வந்துவிட்டது. 

பீரில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணிதான். அந்தத் தண்ணி எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததும் சிலருக்குக் குமட்டல். குடித்துப் பார்த்தவர்களோ "வித்தியாசமே தெரியலையே!" என்றார்கள். சொல்லாமல் கொடுத்திருந்தால் ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டார். சிங்கப்பூர் தண்ணீர் வாரியத்துக்கும் அதுதான் வேண்டும். பீரை விற்பதல்ல அவர்கள் நோக்கம், தண்ணி மேல் இருக்கிற அருவருப்பைப் போக்குவது. ஆத்தூர் காமராஜர் அணை வற்றினால் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற நமக்கு அந்தக் கஷ்டம் புரியும்.

ஸ்காட்லாந்தில் நடந்தது இதைவிடக் கூத்து. 2007-ல் ரெண்டு இளைஞர்கள் தொடங்கிய 'பிரூடாக்' கம்பெனி, 2010-ல் 55 சதவீத ஆல்கஹால் உள்ள பீர் ஒன்றைக் கொண்டுவந்தது. நம்ம பிராந்தியே 42.8 சதவீதம்தான்! பாட்டிலை என்ன செய்தார்கள் தெரியுமா? செத்துப்போன அணில், கீரி மாதிரியான பிராணிகளைப் பதப்படுத்தி, அதற்குள் பாட்டிலைச் செருகி விற்றார்கள். மொத்தமே 12 பாட்டில். ஒன்று குறைந்தது 500 பவுண்டு. மிருக வதை எதிர்ப்பாளர்கள் கொதித்தார்கள், குடிப்பழக்கத்துக்கு எதிரான அமைப்புகள் கண்டித்தன. கம்பெனிக்கோ உலகம் முழுக்க ஓசி விளம்பரம். நம்மைக் கேட்டால், இது பீர் இல்லை. வெறும் ஷோ.

எது பீர் என்ற சண்டை நேற்று ஆரம்பித்ததும் இல்லை. ஜெர்மனியின் பவேரியாவில் 1516-லேயே சட்டம் போட்டார்கள்: பார்லி, தண்ணி, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ, இந்த மூன்றைத் தவிர பீரில் எதுவும் போடக்கூடாது. பக்கத்து பெல்ஜியத்திலோ செர்ரிப் பழத்தைப் போட்டு ஊற வைப்பார்கள். காற்றில் பறந்து வந்து விழுகிற நுண்ணுயிரை வைத்தே புளிக்க வைக்கிற பீரும் அங்கே உண்டு. ஒருத்தர் ஊரில் கலப்படம், அடுத்தவர் ஊரில் பாரம்பரியம்.

இந்த 'தானாகப் புளிப்பது' என்ற சமாச்சாரத்தை மனசில் வையுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

பெங்களூரு கிளாஸும் 'பிரைவேட்' பஞ்சாயத்தும்

நம்ம நாட்டுக்கு வருவோம். 2009-ல் புனேவில் 'டூலாலி' என்ற இடத்தில் கடையிலேயே பீர் காய்ச்சி ஊற்றும் வழக்கம் ஆரம்பித்தது. அடுத்த வருடமே பெங்களூரு இந்திராநகரில் 'டாய்ட்'. கண்ணாடிக்குப் பின்னால் அண்டாக்கள் தெரியும், அங்கேயே காய்ச்சி அங்கேயே கிளாசில் ஊற்றுவார்கள். சின்ன அண்டா என்பதால் பாசுமதி அரிசி போட்டும் பார்ப்பார்கள், பழம் போட்டும் பார்ப்பார்கள். பிடிக்கவில்லையா, அடுத்த தடவை வேற. லட்சக்கணக்கான பாட்டில் நிரப்புகிற பெரிய ஆலைக்கு இந்த விளையாட்டு கட்டுப்படியாகாது. பெங்களூருவில் இப்போது இது பெரிய தொழில். நம்ம மாநிலத்தில் இந்த வழக்கம் வேர் பிடிக்கவில்லை. 

அங்கே ஒரு கிளாஸே பல நூறு ரூபாய். செம்பட்டியில் சித்தாள் வேலைக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் கூலி. ஆக, மாம்பழ பீர் நல்லா இருக்கா இல்லையா என்ற சண்டை, கையில் காசு இருக்கிறவர்கள் போடுகிற சண்டை.

பாட்டிலில் இந்தப் புதுமையைக் கொண்டுவந்து பெயர் வாங்கியது 'பீரா 91'. 2015-ல் வந்தது. ஆரஞ்சு வாசமும் கொத்தமல்லி விதையும் சேர்ந்த கோதுமை பீர்தான் அதன் அடையாளம். 2022-ல் மாம்பழ லஸ்ஸி பீர், மேற்குக் கரையில் குழம்புக்குப் போடுகிற கோகம் புளியில் செய்த புளிப்பு பீர் என்று குறைந்த அளவில் விட்டுப் பார்த்தார்கள். "சூப்பர்" என்றவர்களும் உண்டு, "கிக்கே இல்லை" என்று தள்ளி வைத்தவர்களும் உண்டு.

அந்தக் கம்பெனி கவிழ்ந்த கதை இன்னும் சுவாரசியம். மாம்பழம் கவிழ்க்கவில்லை, கம்பெனிப் பெயரில் இருந்த ஒரே ஒரு வார்த்தை கவிழ்த்தது! பங்குச் சந்தைக்குப் போகும் திட்டத்தில் பெயரில் இருந்த 'பிரைவேட்' என்ற சொல்லை எடுத்தார்கள். மதுவைப் பொறுத்தவரை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி நாடு மாதிரி. பெயர் மாறினால் லேபிளை மறுபடி பதிவு செய், அனுமதியை மறுபடி வாங்கு என்றார்கள். மாதக்கணக்கில் விற்பனை நின்றது. சுமார் 80 கோடி ரூபாய் சரக்கு வீண். 2023-24-ல் நஷ்டம் 748 கோடி ரூபாய். 2025-ல் சம்பளம் பாக்கி என்று ஊழியர்களே திரண்டு, நிறுவனரை மாற்றச் சொல்லி மனு கொடுத்தார்கள். புது ருசி கொண்டுவர நினைக்கிற சின்ன ஆள் நம்ம நாட்டு மதுச் சட்டத்துக்குள் என்ன பாடு படுவார் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஒரு சின்னக் கணக்கு

இப்போது நம்ம கடை. இந்தியாவில் விற்கிற பீரில் 100-க்கு 80-க்கு மேல் 'ஸ்ட்ராங்' பீர்தான். காரணம் ருசி இல்லை. லைட் பீருக்கும் ஸ்ட்ராங் பீருக்கும் விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. உழைத்துக் களைத்து வருகிறவன் அதே காசுக்கு எது ஏறும் என்றுதான் பார்ப்பான்.

கொஞ்சம் கணக்குப் போடுங்க. 650 மி.லி. ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம் என்றால் உள்ளே இருக்கிற சுத்த ஆல்கஹால் 52 மி.லி. ஒரு குவார்ட்டர் பிராந்தி 180 மி.லி., அதில் 77 மி.லி. அதாவது "நான் பீர் மட்டும்தாம்பா" என்று வீட்டில் சொல்கிறவர், ஒரு பாட்டிலிலேயே குவார்ட்டரில் மூன்றில் ரெண்டு பங்கை இறக்கிவிட்டு வருகிறார். ரெண்டு பாட்டில் போட்டால் குவார்ட்டரைத் தாண்டியாச்சு.

பெங்களூருக்காரன் சண்டை போடுகிற பழ பீர்களில் பெரும்பாலானவை 4, 5 சதவீதம். ஐரோப்பாவிலும் சாதாரணமாகக் குடிப்பது அந்த அளவுதான். நமக்கு 8-க்குக் குறைந்தால் 'தண்ணி பீர்'. இந்தப் பழக்கத்தை உண்டாக்கியது கடையும் விலையும்தான்.

2003 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் சில்லரை மது விற்பனை டாஸ்மாக் கையில். 2024-25-ல் அதன் மூலம் அரசுக்கு வந்த வருமானம் 48 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். 2023 ஜூனில் 500 கடைகளை மூடிய பிறகும் இந்தத் தொகை! 

மரத்திலேயே இருக்கிற பீர்

இப்போது அந்த 'தானாகப் புளிப்பது' விஷயத்துக்கு வருவோம். பனம்பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டினால் பதநீர். சுண்ணாம்பு தடவாமல் கட்டினால் கள். காற்றில் இருக்கிற நுண்ணுயிர் வேலையைப் பார்த்துக்கொள்ளும். காலையில் இனிப்பு, சாயங்காலம் கிக், மறுநாள் புளிச்ச தண்ணி. ஆல்கஹால் சுமாராக 4, 5 சதவீதம். பெல்ஜியத்துக்காரன் பெருமையாக விற்கிற சங்கதியை நம்ம பாட்டன் பனை உச்சியில் செய்துகொண்டிருந்தான்.

அதற்குத்தான் பூட்டு. 1971-ல் மதுவிலக்கு தளர்ந்தபோது கள்ளுக்கடை வந்தது, ரெண்டு மூன்று வருடத்தில் மூடினார்கள். 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறந்தார்கள். 1987 ஜனவரி 1-ல் மறுபடி தடை. பக்கத்து கேரளாவிலோ மரத்துக்குக் கணக்கு, இறக்குகிறவருக்கு நல வாரியம் என்று சட்டப்படி நடக்கிறது. பொள்ளாச்சியைத் தாண்டினால் சித்தூர் தோப்புகளில் இறக்குவது வேலை, இந்தப் பக்கம் இறக்கினால் கேஸ்! யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கங்கள் பனங்கள்ளைப் போத்தலில் அடைத்தே விற்கின்றன.

கள் இயக்க ஒருங்கிணைப்பாளர் நல்லசாமி, கள் ஒரு உணவு, அப்படி இல்லை என்று நிரூபித்தால் 10 கோடி ரூபாய் பரிசு என்று வருடக்கணக்கில் சவால் விட்டு வருகிறார். 2025 ஜூனில் தூத்துக்குடி மாவட்டம் பெரியதாழையில் சீமானே பனை ஏறிக் கள் இறக்கியது பரபரப்பானது. புதிய தமிழகம் கிருஷ்ணசாமி போன்றவர்கள் கள்ளும் போதைதான், திறக்கவே கூடாது என்கிறார்கள்.

எதிர்ப்பை ஒதுக்கித் தள்ள முடியாது. 'இயற்கை பானம்' என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது. 2025 ஜூலையில் ஐதராபாத் குக்கட்பள்ளியில் கலப்படக் கள் குடித்துப் பலர் செத்தார்கள். தூக்க மாத்திரை மருந்தைக் கலந்திருந்தார்கள். நம்ம ஊரிலும் அந்தக் காலக் கள்ளுக்கடைகளில் என்னவெல்லாம் கலந்தார்கள் என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கூலியை வழியிலேயே தொலைத்துவிட்டு வருகிற புருஷனைப் பார்த்துச் சலித்த பெண்களுக்கு, டாஸ்மாக்குக்குப் பக்கத்தில் இன்னொரு கடை என்பது எந்தப் பெயரில் வந்தாலும் இன்னொரு கடைதான். அவர்கள் கோபம் நியாயம்.

ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஆபத்துதான் காரணம் என்றால், 5 சதவீதத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டு 8-ஐயும் 42.8-ஐயும் அரசே கல்லாவில் உட்கார்ந்து விற்பது என்ன கணக்கு? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் 60 பேருக்கு மேல் உயிரைக் குடித்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் கூலிக்காரர்கள். டாஸ்மாக் விலை கட்டாமல் மலிவானதைத் தேடிப் போனவர்கள். கள்ளைத் திறப்பதாக இருந்தால், திறக்கிற அளவுக்கு டாஸ்மாக் கடை குறைய வேண்டும், கலப்படச் சோதனை தினமும் நடக்க வேண்டும், இறக்குகிறவன் கைக்கே காசு போக வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் திறந்தால் லாபம் காண்ட்ராக்ட்காரனுக்குத்தான்.

நம்ம மாவட்டத்தில் சரக்குக்கும் பஞ்சமில்லை. நத்தத்தில் மாம்பழம், ஆயக்குடியில் கொய்யா, சிறுமலையில் வாழை, செம்பட்டியைச் சுற்றி அய்யம்பாளையம் வரை தென்னை. பெங்களூருவில் ஒரு கிளாசுக்குப் பல நூறு வாங்குகிற ருசியெல்லாம் இங்கே சந்தையில் கூடைக் கணக்கில் விலை போகாமல் கிடக்கிற நாளும் உண்டு.

தென்னை விவசாயிக்குச் சட்டப்படி திறந்த கதவு ஒன்றே ஒன்று, நீரா. 2017-ல் அரசு அறிவித்தது. நிபந்தனை, அது புளிக்கவே கூடாது. இறக்கும்போதே ஐஸ் பெட்டி, வண்டியிலும் குளிர், கடையிலும் குளிர் வேண்டும். தோப்பிலிருந்து ரோட்டுக்கு வருவதற்குள் ஐஸ் கரைந்துவிட்டால், நீரா தானாகவே கள்ளாக ஆரம்பித்துவிடும். கள் ஆகிவிட்டால், இறக்கியவர் மேல் கேஸ்.