மன்னாரையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

விடுமுறை வந்தால் எங்கள் ரம்புக்கனைப் பக்கம் பின்னவலை யானைகளைப் பார்க்கக் கூட்டம் சேரும். ஆனால் நம் தோட்டத்துப் பிள்ளைகள் அவசியம் பார்க்கவேண்டியது, இந்தியாவை நோக்கி நிற்கும் கடலோர மாவட்டமான மன்னாரை. பொல்காவலையில் ரயிலேறினால் தலைமன்னார் வரை போகலாம். திருக்கேதீச்சரம், மடுமாதா கோவில், மன்னார்க் கோட்டை, பெருக்கமரம், வங்காலைக்கு வரும் பூநாரைகள் எல்லாம் உண்டு.

எல்லாவற்றிலும் பெரியது தலைமன்னார் இறங்குதுறை. 1914 முதல் 1964 புயல்வரை தனுஷ்கோடிக் கப்பல் வந்த துறை அது. அதற்கும் முன்னே தோணியில் வந்திறங்கி, காட்டுவழியாக மாத்தளைவரை நடந்தவர்கள் எங்கள் பாட்டன் பூட்டன்மார். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம்.

உங்கள் பயணப் பகுதியில் இந்த வழியை விரிவாக எழுதுங்கள். தோட்டப் பாடசாலை அதிபர்மாரும் ஒரு சுற்றுலாவையாவது அங்கே கொண்டுபோக வேண்டும்.

வாசகர் ஒருவர்,
ரம்புக்கனை