உடம்புக்குள் போவது எவ்வளவு?

வடமத்திய மாகாண விவசாயிகளை வாட்டும் சிறுநீரக நோய்க்கு ஆசனிக் காரணமாகலாம் என்ற பேச்சு 2011இல் எழுந்தது. அந்தச் சர்ச்சை வளர்ந்து, 2015இல் கிளைபோசேட் புல்லுமருந்து நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விலக்கு வந்தது. தடைக் காலத்தில் இடுப்பளவு புல்லுக்குள் அட்டைக்கும் குளவிக்கும் நடுவே கொழுந்து பறித்தவர்கள் நாம். மருந்து திரும்பி வந்தபின் டாங்கியை முதுகில் சுமப்பவர்களும் நாம். லயத்து மண்ணிலிருந்து நமது உடம்புக்குள் ஆசனிக் எவ்வளவு போகிறது என்பதை மட்டும் யாரும் நமக்குச் சொல்லவில்லை.

மண்ணைப் பலமான அமிலத்தில் கரைத்தால் மொத்த ஆசனிக் தெரியும். இயற்கையாகவே எல்லா மண்ணிலும் அது கொஞ்சம் உண்டு. அந்த இலக்கத்தைக் காட்டிப் பயமுறுத்தலாம். "மண்ணோடு ஒட்டித்தானே கிடக்கிறது" என்று தட்டிக்கழிக்கவும் செய்யலாம். ஒட்டியிருப்பது உண்மைதான். நமது செம்மண்ணிலுள்ள இரும்பு அதைப் பிடித்துவைக்கிறது. ஆனால் பொஸ்பேட் பசளை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆசனிக்கை வெளியே தள்ளும். மழை அடித்துச்சென்ற மண் சேறாகப் படிந்து காற்றில்லாமல் கிடந்தால், இரும்பு கரைந்து பிடி விட்டுப்போகும். கெஹெல்கமு ஓயாப் பக்கம் கழுவுண்டு போவது களனி கங்கையில் சேர்கிறது. கொழும்பு குடிப்பதும் அந்தத் தண்ணீரைத்தான்!

உடம்புக்குப் போவதை அளக்க வழி இருக்கிறது. சலித்த மண்ணை வயிற்று அமிலம் போன்ற திரவத்தில், 37 பாகை சூட்டில், 1 மணித்தியாலம் குலுக்கி, கரைந்து வந்ததை அளக்கிறார்கள். முற்றத்தில் விளையாடிவிட்டு விரலை வாயில் வைக்கும் பிள்ளையின் வயிற்றில் நடப்பதும் ஏறக்குறைய இதுவே. இப்படி அளக்காத இடங்களில், தண்ணீரில் கரைந்த ஆசனிக்கோடு ஒப்பிட்டு 60 வீதம் உடம்பில் சேரும் என்று கணக்கெடுக்கும்படி அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2012இல் சொன்னது.

ஆகவே மண் பரிசோதனைக்கு யாராவது வந்தால், என்ன முறையில் அளக்கிறீர்கள் என்று தோட்டத் தலைவர்மார் முதலில் கேட்க வேண்டும். தேயிலை மலையில் மட்டும் மண் எடுத்துக்கொண்டு போக விடக்கூடாது. லயத்து முற்றம், மரக்கறித் தோட்டம், மருந்து கலக்கும் இடம் எல்லாவற்றிலும் எடுக்க வேண்டும். பீலித் தண்ணீரையும் பார்க்கச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு லீட்டருக்கு 10 மைக்ரோகிராம். சிறுநீர் கேட்டால் அதற்கு முந்திய மூன்று நாள் மீனும் கருவாடும் வேண்டாம், அவற்றிலுள்ள தீங்கில்லாத ஆசனிக்கும் கணக்கில் ஏறிவிடும். கருவாடு இல்லாமல் சோறு இறங்குமா என்பது வேறு கதை.

முடிவு துரையின் மேசையோடு நிற்காமல், தமிழில் ஒரு பிரதி சங்கத்துக்கும் வர வேண்டும். மண் எடுக்கும் முன்பே இதை எழுத்தில் வாங்கிக்கொள்வோம்.