இரண்டே முக்கால் மணி நேரம்

“தில்லி என்ன தூரம்? ஏறி உட்கார்ந்தால் இரண்டே முக்கால் மணி நேரத்தில் சென்னை!” ஊருக்குப் போகும்போதெல்லாம் நம்மவர்கள் பலர் பெற்றோரிடம் இப்படிச் சொல்லிவிட்டு வருவதைக் கேட்டிருக்கிறேன். தைரியம் சொல்வதற்காகச் சொல்வதுதான். ஆனால் அவர்கள் அதை அப்படியே நம்பிவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

இரு நகரங்களுக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 1,760 கிலோமீட்டர். ரயில் பாதையில் ஏறக்குறைய 2,180. தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்கு 33 மணி நேரம் போலப் பிடிக்கிறது. மேலே ஏறிய விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்க முறை வரும்வரை வட்டமடிப்பது எல்லாம் சேர்ந்துதான் இரண்டே முக்கால். புறப்படும் இடத்தில் நகரத் தொடங்கியதிலிருந்து மீனம்பாக்கத்தில் போய் நிற்கும்வரை உள்ள கணக்கு அது. நம் வீட்டு வாசலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மயூர் விஹாரிலிருந்து ஒருவர் கும்பகோணம் போவதாக வைத்துக்கொள்வோம். விமான நிலையம் போக ஒன்றரை மணி. இரண்டு மணி முன்னதாக அங்கே இருக்க வேண்டும். பயணம் இரண்டே முக்கால். பெட்டியை எடுத்து வெளியே வர அரை மணி. பிறகு காரில் ஆறரை மணியாவது ஆகும். மொத்தம் பதின்மூன்றேகால்! இதுவும் உடனே டிக்கெட் கிடைத்தால்தான். தகவல் நள்ளிரவில் வந்தால் விடியற்காலை விமானம்தான். டிசம்பர், ஜனவரி மூடுபனியைப் பற்றித் தில்லிவாசிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தந்தி இருந்த காலத்தில் இந்தச் சங்கடம் இல்லை. (அந்தச் சேவையே 2013 ஜூலையில் நின்றுபோயிற்று.) தகவல் கிடைத்து, ஜி.டி. எக்ஸ்பிரஸில் இடம் பிடித்து, மகன் ஊர் போய்ச் சேர மூன்று நாளாகும் என்று எல்லோருக்கும் தெரியும். தம்பியோ பங்காளியோ கொள்ளி வைத்துவிடுவார்கள். வந்தவன் பத்தாம் நாள் காரியத்தில் உட்காருவான். அவனை யாரும் குறை சொன்னதில்லை.

இன்று விமானம் இருக்கிறது, அதனால் காத்திருக்கிறார்கள். ஐஸ் பெட்டியை வாடகைக்கு எடுத்து, “பிள்ளை கிளம்பிவிட்டான், மத்தியானம் வந்துவிடுவான்” என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு, எண்பது வயது அம்மா சாப்பிடாமல் அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளை வந்து சேரும்போது இருட்டிவிடுகிறது. மறுநாள் வரை மறுபடி காத்திருப்பு. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இதை நான் பார்த்திருக்கிறேன். வேகமான வாகனம் வந்ததால் துக்க வீட்டில் காத்திருக்கும் நேரம் கூடியிருக்கிறது என்பது விசித்திரம்தான்.

விமானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாசலிலிருந்து வாசலுக்கு எத்தனை மணி நேரம் என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் ஊருக்கு ஏற்பக் கணக்குப் போட்டு, ஊரில் இருப்பவர்களிடம் நல்லபடியாக இருக்கும்போதே சொல்லிவைக்க வேண்டும். எத்தனை மணி வரை காத்திருக்கலாம், அதற்குமேல் யார் முன்னின்று நடத்துவது என்பதையும் அண்ணன் தம்பிகளும் அக்கா தங்கைகளும் பேசிக்கொள்வது நல்லது. அபசகுனம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடும். என் அனுபவத்தில், பெரியவர்களைவிட நாம்தான் இந்தப் பேச்சை எடுக்கத் தயங்குகிறோம்.

கோடை விடுமுறைக்கு ஊர் போகும் அன்பர்கள் இந்த முறை ஒரு மாலை இதற்கென்று ஒதுக்கலாமே!